ரோசாப்பூ துரை வெள்ளைக்காரர் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கடைசிப் பக்கத்து மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். "மதுரையில் வாழ்ந்த ஆங்கிலேய வழக்கறிஞரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான ஜார்ஜ் ஜோசப், குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஒழித்தவர், அதனால் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர்." ஒரே ஒரு வாக்கியம். அதில் எத்தனை தப்பு என்று எண்ணிப் பார்த்தேன், டீ ஆறிப்போய்விட்டது.

நான் எழுத்தாளன் இல்லை. உசிலம்பட்டியிலும் மதுரையிலுமாக 41 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வாய்தா தேதியை டைரியில் எழுதியதும், பெஞ்ச் கிளார்க்கிடம் பல்லைக் காட்டியதும்தான் என் படிப்பு. ஆனால் இந்த ஒரு மனிதரைப் பற்றித் தப்பாக எழுதினால் எனக்குச் சோறு இறங்காது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலேயர் என்பது. ஐயா, அவர் திருவிதாங்கூர்க்காரர். 1887இல் செங்கன்னூரில் பிறந்த மலையாளி, அந்தப் பக்கத்துப் பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு எடின்பரோவில் தத்துவம் எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர், 1909இல் ஊர் திரும்பி கொஞ்ச நாள் சென்னையில் பிராக்டிஸ், அப்புறம் மதுரை. கடைசி மூச்சும் மதுரையில்தான். பெயர் ஜார்ஜ், போட்டது கோட்டு, ஜனங்கள் சொன்னது துரை, அதனால் வெள்ளைக்காரர் என்று முடிவு கட்டிவிட்டார் உங்கள் நிருபர். எங்கள் ஊர்ப் பையன்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவரை ரொம்பத் திட்டவும் மனசில்லை. ஆனாலும் ஒரு பத்திரிகை ஆபீஸில் இந்தத் தப்பு வரலாமா? அவருடைய கூடப்பிறந்த தம்பி போத்தன் ஜோசப், இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய பத்திரிகை ஆசிரியர். உங்கள் தொழில்காரர்தான்.

அடுத்தது அந்த "முன்னாள் எம்.எல்.ஏ.". இது முழுப் பொய் இல்லை, அதுதான் சங்கடம். 1937 ஜூலையில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி சேர்ந்த தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். அந்தச் சபை உறுப்பினருக்கும் அப்போது எம்.எல்.ஏ. என்றுதான் பேருக்குப் பின்னால் போடுவார்கள். 1937இலிருந்து மாகாண சபைக்காரர்களுக்கும் அதே எழுத்துகள் வந்துவிட்டதால், இன்றைக்கு அதைப் படிக்கிறவர்கள் ஏதோ மதுரை மேற்குத் தொகுதி எம்.எல்.ஏ. மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பூலாபாய் தேசாய் தலைவராகவும் நம்ம சத்தியமூர்த்தி அவருக்கு அடுத்தபடியாகவும் நின்று சர்க்காரைக் கேள்வியால் குடைந்துகொண்டிருந்த சபை அது. அங்கே போய் எட்டே மாதம். 1938 மார்ச் 5ஆம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், சிறுநீரகக் கோளாறு. வயசு 50தான்.

ஒரு மனிதர் 29 வருஷம் கறுப்புக் கோட்டும் கைவிலங்குமாக இருந்துவிட்டு, கடைசியில் எட்டு மாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்காக, அந்த நாற்காலியைத்தான் பெயருக்கு முன்னால் போடுவோம் என்றால் எப்படி? இது நம்ம ஊர் வியாதி. ஒரு முறை கவுன்சிலராக இருந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள், மூணு தலைமுறைக்கு "முன்னாள்" ஓடும். இவருக்கும் அந்த ஒட்டு வேண்டாம் என்கிறேன்.

இனிமேல் மூன்றாவது தப்பு, பெரிய தப்பு. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று பதிந்து கண்காணித்த அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அவர் ஒழிக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அது ரத்தானது 1947இல். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது அப்போது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவா, ராமமூர்த்தி என்று பலர் அதற்காகப் பேசினார்கள், ஊர் ஊராக ஜனங்கள் அடி வாங்கினார்கள். எல்லாரையும் தள்ளிவிட்டு ஒருவர் தலையில் கிரீடம் வைத்தால் அது அவருக்கே பிடித்திருக்காது.

அப்படியானால் என்னதான் செய்தார் என்று கேட்பீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாகக் கடுதாசி.

எங்கள் பக்கத்தில் தாத்தாவைச் சீயான் என்போம். எங்கள் சீயானுக்கு 1920இல் 18 வயசு இருக்கும். பிரமலைக் கள்ளர் வீட்டுப் பிள்ளை, திருட்டுக் கேஸ் ஒன்றும் கிடையாது, ஆனால் பிறந்த சாதிக்காக ரேகை வைத்தாக வேண்டும். ராத்திரி 11 மணிக்கு மேல் சாவடியில் படுக்க வேண்டும், காவல்காரர் பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்டாட்டி ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, போன ஊரில் காட்டிக் கையெழுத்து வாங்கித் திரும்ப வேண்டும். கல்யாணமான புதுசில் ஒரு மாதம் முழுக்கச் சாவடியில் படுத்துக் கிடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அப்பத்தா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடும்.

1974இல் எங்கள் குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய சார்பதிவாளர் ஆபீஸுக்குச் சீயானைக் கூட்டிப் போனேன். நான் அப்போது தொழிலுக்கு வந்து ரெண்டு வருஷம், பெரிய ஆள் என்ற நினைப்பு. சீயான் பத்திரத்தில் நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் உதவியாளர் வழக்கம்போல் இடது பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் வைக்கப் போனார், பதிவேட்டில் ரேகை வேண்டும் இல்லையா. கிழவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார். இது எல்லாருக்கும் உள்ள விதி சீயான், மில் முதலாளி வந்தாலும் வைக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வைத்தார். வைத்துவிட்டு நேராகச் சுவரிடம் போய், புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், விரலை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்தார். உதவியாளர் கத்தினார். எனக்கு மானம் போய்விட்டது. வெளியே வந்து பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சொன்னார், சாவடிச் சுவரில் எல்லாரும் அப்படித்தான் துடைப்பார்களாம், தரையிலிருந்து ஆள் உயரம் வரைக்கும் சுவர் பூராக் கறுப்புக் கோடாக இருக்குமாம். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அந்த மைக்குப் பயந்துதானாம்.

அந்தச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது, 1911இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள், 1924இல் மறுபடியும் தொகுத்துப் போட்டார்கள். நம்ம மாகாணத்தில் கள்ளர் மட்டும் இல்லை, குறவர் முதலாகப் பல சாதிகள் அதில் மாட்டின. வக்கீல் குமாஸ்தாவாகப் படித்துப் பார்த்தால்தான் அதன் விஷம் தெரியும். இந்தச் சமூகம் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் கெஜட்டில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது. சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஹைகோர்ட்டுக்கே அந்தக் கதவு கிடையாது. சரி, என் பேரை ஏன் பதிவேட்டில் சேர்த்தாய் என்று மனுவாவது கொடுக்கலாமா? கொடுக்கலாம், யாரிடம்? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம். பதிவேடு போடச் சொன்னவரும் அவர்தான். அதற்கு மேல், பதிவானவன் ஒருவன் ராத்திரி சந்தேகப்படும்படி ஓர் இடத்தில் நின்றான், திருடத்தான் நின்றான் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினாலே ஜெயில். திருட்டு நடக்கவே வேண்டாம்.

இப்படி ஒரு சட்டத்துக்கு எதிராக ஒரு வக்கீல் என்ன வெட்டி முறிக்க முடியும்? வேரில் கை வைக்க முடியாது. கிளை கிளையாகத்தான் இழுக்க வேண்டும். இந்த ஆளைப் பிடித்தது தப்பு, இவன் நின்றது சந்தேக இடம் இல்லை, இவனுக்கு நோட்டீஸ் ஒழுங்காகப் போகவில்லை, இப்படி ஒவ்வொரு கேஸாக. சம்பாத்தியத்துக்கு ஆசைப்படுகிற எந்த பாரிஸ்டரும் தொடாத வேலை. ஜார்ஜ் ஜோசப் தொட்டார். கள்ளர்களுக்காகக் கோர்ட்டில் நின்றார், கோர்ட்டு வாசலோடு நின்றுவிடாமல் இந்தச் சட்டத்தால் ஜனங்கள் படுகிற பாட்டைப் பத்திரிகைகளில் எழுதினார். கோர்ட்டு கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்ட விஷயத்தைப் பத்திரிகை கேட்கலாம் இல்லையா.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு குறைந்தது 16 உயிர். பிடிபட்டவர்களைச் சங்கிலி போட்டுத் திருமங்கலம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்தில், மதுரையில் நமக்காகப் பேச ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற பேச்சே எங்கள் கிராமங்களுக்கு எவ்வளவு பெரியது என்று உங்கள் பெட்டிச் செய்தியில் அடங்காது. கோட்டில் எப்போதும் ஒரு ரோசாப்பூ குத்தியிருப்பாராம், அதனால் ரோசாப்பூ துரை. எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்று பேர் வைத்தார்கள். என் சொந்தப் பெரியப்பா மகனுக்கே அந்தப் பேர்தான், பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பேர் என்று கேலி செய்து அழவைப்போம், பாவம். சீயான் துரையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், மதுரைக் கோர்ட்டு வாசலில். பூ இருந்ததா சீயான் என்று கேட்டால், "கூட்டத்தில் தலைதான்டா தெரிஞ்சுச்சு" என்பார். இல்லாததைச் சேர்த்துச் சொல்லத் தெரியாத மனுஷன்.

கள்ளர்களுக்கு மட்டும் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். 1918இல் காங்கிரஸ்காரர் வரதராஜுலு நாயுடு மீது மதுரைப் பேச்சுக்காகக் கேஸ் போட்டபோது ராஜாஜி வந்து வாதாடினார், கூட நின்றவர் இவர். மதுரை ஹார்வி மில் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியதில் நாயுடுவுக்கும் இவருக்கும் பங்கு உண்டு. கூலி ஏறியது, வேலை நேரம் குறைந்தது, அப்புறம் மில்லும் சர்க்காரும் சேர்ந்து சங்கத்தை நசுக்கினார்கள். 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரை இழுத்துவிட்டார்களே, அதை உடைக்க நின்ற வக்கீலும் ஜார்ஜ் ஜோசப்தான். நாயுடுவும் அதில் துணை. அந்தக் கேஸ் ஒட்டியிருந்தால் காமராஜர் எந்த ஜெயிலில் எத்தனை வருஷம் கிடந்திருப்பாரோ. காமராஜரைப் பற்றி வருஷா வருஷம் சிறப்பிதழ் போடுகிறீர்கள், இந்த வரியை ஒரு தடவையாவது போட்டிருக்கிறீர்களா?

நடுவில் தொழிலையே விட்டுவிட்டார் என்பதும் உங்கள் நிருபருக்குத் தெரியவில்லை. ஒத்துழையாமைக் காலத்தில் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன் என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிராக்டிஸை மூடிவிட்டு அலகாபாத்துக்குப் போய், மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டென்ட் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் ராஜதுரோகக் கேஸில் உள்ளே போனார். லக்னோ ஜெயிலில் ஜவஹர்லால் நேருவும் மகாதேவ தேசாயும் கூட இருந்தவர்கள். காந்தி ஜெயிலில் இருந்த 1923இல் யங் இந்தியா பத்திரிகையையும் இவர்தான் பார்த்துக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படித் திரிந்த மனிதருக்கு வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று யோசிப்பேன். வக்கீல் வீட்டுக் கணக்கு எழுதினவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

அப்புறம் வைக்கம். 1924இல் திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் நடக்க உரிமை கேட்ட போராட்டத்தில், கேசவ மேனனையும் டி.கே. மாதவனையும் பிடித்து உள்ளே போட்ட பிறகு நடத்தியவர் இவர். காந்தி இவருக்கு எழுதினார், இது இந்துக்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே கழுவ வேண்டிய வேலை, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில். கடிதத்தின் தேதி ஏப்ரல் 6, இவர் கைதானது ஏப்ரல் 11. பெரியாரை வைக்கத்துக்கு வரச் சொன்ன அழைப்பில் இவருடைய கையும் உண்டு, பெரியார் 13ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார். காந்தி சொன்னதற்கு அவர் பக்கத்து நியாயம் இருக்கலாம், பெரிய மனிதர்கள் விவகாரம். ஆனால் ஒருவன் தெருவில் நடக்கக் கூடாது என்பது நடக்கிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் மட்டும் சொந்தமான வழக்கா, மூன்றாவது ஆள் வக்காலத்துப் போட முடியாதா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. வக்காலத்து என்றாலே மூன்றாவது ஆள்தானே. அதற்குப் பிறகு காந்தியோடும் காங்கிரஸோடும் அவருக்கு மனசு ஒட்டவில்லை, விலகியிருந்துவிட்டு 1935இல்தான் திரும்பி வந்தார்.

சட்டசபையே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால், கோர்ட்டு கேட்கக் கூடாது என்று எழுதிவைத்த சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் சட்டம் செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், ஒழித்ததும் 1947இல் அப்படி ஒரு சபையில்தான். அவர் போன சமயத்தில் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று பேச ஆரம்பித்தால் அதற்கு முடிவில்லை, விடுங்கள். நடந்தது எட்டு மாதம். அதை எட்டு மாதம் என்றே போடுங்கள்.

மதுரையில் யானைக்கல் பக்கம் அவருக்குச் சிலை இருக்கிறது. மார்ச் 5 வந்தால் எங்கள் ஆட்கள் மாலையோடு போவார்கள். மற்ற நாளில் சுற்றிப் பழக்கடை, பஸ் ஹாரன், யார் சிலை என்று கேட்டால் "எவனோ துரை" என்று பதில் வரும், எனக்கே வந்திருக்கிறது. அவர் பேரன் ஒருவர் அவருடைய வாழ்க்கையை 2003இல் இங்கிலீஷில் புத்தகமாக எழுதியிருக்கிறார். என் இங்கிலீஷுக்கு அது கடினம், பேத்தியை வைத்துப் பாதி படித்தேன். தமிழில் எழுத யாருக்காவது ஆசை இருந்தால், மேடைப் பேச்சைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்தக் காலத்து மதுரை, திருமங்கலம் கோர்ட்டுக் கட்டுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். ரெக்கார்டு ரூமில் தூசி தட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், 72 வயசானாலும் இந்த ஒரு வேலைக்கு வருவேன்.

இப்போதும் ரேஷன் கடையில் மெஷினில் விரல் வைக்கிறேன். ரேகை விழவில்லை, துடைச்சிட்டு மறுபடி வைங்க என்று அந்தப் பிள்ளை சொல்லும். வேட்டியில்தான் துடைக்கிறேன், சுவரில் இல்லை.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். பெரிசாக வேண்டாம், அதே மூலையில் அதே அகலத்தில் போதும். படத்தையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் போட்டிருப்பது ஜார்ஜ் ஜோசப் இல்லை, முறுக்கு மீசை வைத்த யாரோ ஒரு நிஜ வெள்ளைக்காரர். கோட்டில் பூ இருந்ததும் எடுத்துப் போட்டுவிட்டார்கள் போல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.